ஊசி நூலுக்கு மட்டும்தான் காசா? வீட்டுத் தையல்காரர்கள் போட மறக்கும் கணக்கு

“எவ்வளவுக்கா ஆச்சு?”

தைத்து முடித்த ப்ளவுஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே வாடிக்கையாளர் கேட்கிறார். மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு நொடி தயங்குகிறார். மனதுக்குள் 350 ரூபாய் என்று ஓடுகிறது. வாயில் வருவதோ, “உங்ககிட்ட என்ன கேக்கப் போறேன், பார்த்துக் குடுங்க.” கைக்கு வருவது 200 ரூபாய். வாங்கியவர் சந்தோஷமாகப் போகிறார். தைத்தவர் அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது, “இன்னும் ஒரு 50 ரூபா சேர்த்துக் கேட்டிருக்கலாமோ” என்று நினைத்துக்கொள்கிறார்.

தமிழ்நாட்டில் ‘இங்கு ப்ளவுஸ், சுடிதார் தைத்துத் தரப்படும்’ என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்ட வீடு இல்லாத ஊரைப் பார்ப்பது கஷ்டம். மகளிர் குழுக் கடனில் வாங்கிய மெஷின், சீராக வந்த மெஷின், அரசு கொடுத்த இலவச மெஷின் என்று ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான பெண்கள் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் சீட்டுப் பணமும் அந்த மெஷினில்தான் ஓடுகின்றன. அப்படியிருந்தும், “என்ன வேலை பார்க்கறீங்க?” என்று கேட்டால், “சும்மா வீட்லதாங்க இருக்கேன், கொஞ்சம் தைப்பேன்” என்பதுதான் பதில்.

இந்த ‘சும்மா’வும் அந்தப் ‘பார்த்துக் குடுங்க’வும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தன் கையில் இருப்பது ஒரு தொழில்திறன் என்று அதை வைத்திருப்பவரே முழுசாக நம்பவில்லை. அந்த நம்பிக்கை இல்லாமல் எத்தனை டிசைன் கற்றாலும், எத்தனை மெஷின் மாற்றினாலும் வருமானம் பெரிதாக ஏறாது.

ஒரு ப்ளவுஸுக்குள் எத்தனை பேர் வேலை?

கடைவீதியில் இருக்கும் பெரிய தையல் கடைக்குள் எட்டிப் பார்த்தால் விஷயம் புரியும். அங்கே அளவு எடுத்து, சாக்பீஸால் கோடு போட்டு, துணியை வெட்டுவது கட்டிங் மாஸ்டர். அவருக்கு மரியாதையும் கூலியும் தனி. வெட்டியதை மெஷினில் தைப்பது டெய்லர். ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவது, ஊக்கு வைப்பது, பிசிறு வெட்டுவது இன்னொருவர். தேய்த்து மடிப்பதற்கும் பில் போட்டுக் காசு வாங்குவதற்கும் ஆள் உண்டு.

வீட்டில் தைக்கும் பெண் இந்த அத்தனை வேலையையும் ஒரே ஆளாகச் செய்கிறார். ஆனால் கூலி கேட்கும்போது மெஷின் ஓடிய நேரத்தை மட்டுமே வேலையாக நினைக்கிறார். கடையில் அதிக மதிப்புள்ளது கட்டிங். வீட்டுக் கணக்கில் அதற்கு ஒரு பைசாகூட இல்லை.

கட்டிங்கில்தான் அறிவு இருக்கிறது. ஒருவருக்கு ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒருவருக்கு முதுகு லேசாக வளைந்திருக்கும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்ணுக்கு முன்பக்கம் வசதியாகத் திறக்க வேண்டும். கையைத் தூக்கிப் பின்னால் ஊக்கு மாட்ட முடியாத பாட்டிக்கு எல்லாமே முன்னால் வர வேண்டும். மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு, வெளியில் தெரியாதபடி இரண்டு பக்கமும் சமமாக அமைய வேண்டும். எந்த அளவு அட்டவணையிலும் இதெல்லாம் கிடையாது. பார்த்து, பேசி, தொட்டு, கை பழகி வருவது இது. டாட் எங்கே முடிய வேண்டும், கைக்குழி எவ்வளவு ஆழம் போக வேண்டும், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிட உள்ளே எவ்வளவு துணி விட வேண்டும் என்பதையெல்லாம் யோசித்து முடிவு செய்பவரை ‘சும்மா தைக்கறவங்க’ என்று சொல்வது சரியா?

அதோடு ரிஸ்க் வேறு. பட்டுப்புடவையோடு சேர்ந்து வரும் ப்ளவுஸ் துணி ஒன்றே ஒன்றுதான். கத்தரி ஒரு விரல் தப்பினால் அதே துணியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வெட்டின துணி ஒட்டாது. காட்டன் துணிக்கும் கல்யாணப் பட்டுக்கும் ஒரே கூலி வாங்குபவர் இந்தப் பொறுப்பை இலவசமாகவே சுமக்கிறார்.

திருப்பூருக்குத் தெரிந்த கணக்கு

தையலுக்கு நேரக் கணக்கு போட முடியாது என்று சிலர் சொல்வார்கள். திருப்பூரில் கேட்டால் சிரிப்பார்கள். ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் ஒரு டி-ஷர்ட்டின் தோள் இணைப்பதற்கு எத்தனை நொடி, கழுத்துப் பட்டி வைக்க எத்தனை நொடி, கீழே மடித்து அடிக்க எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கிறார்கள். இதற்கு எஸ்.ஏ.எம். என்று பெயர். ஒரு வேலையைச் சாதாரண வேகத்தில், நியாயமான இடைவெளியும் சேர்த்து முடிக்க ஆகும் நிமிடங்கள் என்று அதற்குப் பொருள். வெளிநாட்டு பையரிடம் விலை பேசுவதற்கு அடிப்படைகளில் ஒன்று இந்த நிமிடக் கணக்குதான்.

அங்கே தொழிலாளிக்கு எல்லாம் சரியாகக் கிடைத்துவிடுகிறது என்று அர்த்தமில்லை. பீஸ் ரேட் குறைவு, ஓவர்டைம் அதிகம் என்ற புகார்கள் காலங்காலமாக இருக்கின்றன. ஆனால் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடும் வழக்கம் அங்கே உண்டு. பேசுவதற்குக் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டில் தைப்பவரிடம் இல்லாதது அதுதான். பக்கத்துத் தெரு அக்கா 180 ரூபாய் வாங்குகிறாரா, அப்போ நாம் 170 என்பதுதான் அவருடைய விலை நிர்ணயம். அந்த அக்கா 180-ஐ எப்படி முடிவு செய்தார் என்று போய்க் கேட்டால், அவரும் வேறொரு தெருவைத்தான் கை காட்டுவார்.

ஒரே ஒரு ப்ளவுஸுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

லைனிங் வைத்த சாதாரண ப்ளவுஸ் ஒன்றை எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். கூலி 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும். போடும் முறை மாறாது.

முதலில் நேரம். அளவு எடுத்து மாடல் பேச 15 நிமிடம். துணி நனைத்ததைத் தேய்த்து வெட்ட 30 நிமிடம். மெஷின் தையல் 75 நிமிடம். கைத்தையலும் ஊக்கும் 30 நிமிடம். தேய்த்து மடிக்க 10 நிமிடம். மொத்தம் 160 நிமிடம். போட்டுப் பார்த்துவிட்டு, “இடுப்பு கொஞ்சம் டைட்டா இருக்குக்கா” என்று திரும்பி வந்தால் இன்னொரு 30 நிமிடம். ஆக 190 நிமிடம், அதாவது 3 மணி 10 நிமிடம்.

அடுத்து செலவு. லைனிங் துணி, நூல், ஊக்கு, பைப்பிங் எல்லாம் சேர்த்து 75 ரூபாய். மின்சாரம், ஊசி, எண்ணெய்க்கு 10 ரூபாய். மெஷின் தேய்மானத்தையும் விடக் கூடாது. 25,000 ரூபாய் மெஷின் 5 வருஷம் ஓடும் என்று வைத்தால் மாதத்துக்குச் சுமார் 417 ரூபாய். மாதம் 40 ப்ளவுஸ் தைத்தால் ஒன்றுக்கு 10 ரூபாய். மொத்தச் செலவு 95 ரூபாய்.

250-ல் 95 போனால் மீதி 155 ரூபாய். அதை 190 நிமிடத்துக்குப் பிரித்தால் மணிக்குச் சுமார் 49 ரூபாய். நாள் முழுக்க 8 மணி நேரம் தலை நிமிராமல் தைத்தால் சுமார் 390 ரூபாய். அதுவும் ஆர்டர் தடையில்லாமல் வந்தால், கரன்ட் போகாமல் இருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் இருந்தால். கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு என்று எந்தத் தெருவில் கேட்டாலும் சட்டென்று சொல்வார்கள். அதன் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் போதும்.

கணக்கைத் திருப்பியும் போடலாம். தன் ஒரு மணி நேரத்துக்கு 100 ரூபாயாவது வேண்டும் என்று அவர் முடிவு செய்தால், 190 நிமிடத்துக்கு 317 ரூபாய். செலவு 95-ஐச் சேர்த்தால் 412. ரவுண்டாக 410 ரூபாய். 250-க்கும் 410-க்கும் நடுவில் இருக்கும் 160 ரூபாயை அவர் ஒவ்வொரு ப்ளவுஸிலும் தன் கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். மாதம் 40 ப்ளவுஸ் என்றால் 6,400 ரூபாய்.

ஏன் வாய் வர மாட்டேன் என்கிறது?

கணக்கு தெரிந்த பிறகும் கேட்க முடியாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. முதல் காரணம், தையலைப் பெண்ணோடு கூடவே பிறந்த குணம்போல் இந்தச் சமூகம் பார்ப்பது. சமைப்பது, கோலம் போடுவது, பூக் கட்டுவது மாதிரி இதுவும் ‘பொம்பளைங்களுக்கு வர்ற வேலை’. வேலையே இல்லை என்று சொல்லப்படும் ஒன்றுக்கு விலை கேட்பதென்றால் கூச்சமாகத்தான் இருக்கும். இதே வேலையை ஓர் ஆண் கடை போட்டுச் செய்தால் அவர் ‘மாஸ்டர்’. அவரிடம் பேரம் பேசுகிறவர்களின் குரலிலேயே ஒரு தயக்கம் இருக்கும்.

இரண்டாவது, வருபவர்கள் எல்லாருமே தெரிந்தவர்கள். நாத்தனாரின் தோழி, பிள்ளையின் டீச்சர், பால் ஊற்றும் அக்கா. “நமக்குள்ள என்னடி காசு?” என்று சிரித்துக்கொண்டே சொல்பவரிடம் ரேட் பேசுவது உறவையே முறித்துவிடுமோ என்ற பயம்.

மூன்றாவது, வேலை நடக்கும் இடம் வீடு. மதியச் சோறு வடித்து, துணி துவைத்து, நடுநடுவே தைப்பதால் எது உழைப்பு நேரம், எது வீட்டு நேரம் என்று பிரிக்கவே முடிவதில்லை. எண்ணாத நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

“ரேட் ஏத்தினா ஆள் வராதே!”

நியாயமான பயம்தான். வாடிக்கையாளரும் பணக்காரர் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர், ஜவுளிக் கடையில் நிற்பவர், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர். அவர்களிடம் ஒரே நாளில் 250-ஐ 410 ஆக்கினால் நாலு பேர் போய்விடுவார்கள். கடையிலும் ஆன்லைனிலும் ரெடிமேட் ப்ளவுஸ் வேறு குவிந்து கிடக்கிறது. “உன்னை நீயே மதி, எல்லாம் சரியாகிவிடும்” என்று மேடையில் பேசிவிட்டுப் போவது சுலபம். மாதக் கடைசியில் சீட்டுக் கட்ட வேண்டியவருக்கு அது சோறு போடாது.

ஆனால் குறைந்த ரேட்டும் அவரைக் காப்பாற்றுவதில்லை. ரேட்டுக்காக மட்டும் வருபவர், இன்னும் 20 ரூபாய் குறைத்து ஒருவர் கிடைத்தால் அங்கே போய்விடுவார். அளவு சரியாக உட்காருகிறது என்பதற்காக வருபவர் அத்தனை எளிதில் போக மாட்டார். ஒரு நல்ல தையல்காரர் வீடு மாறினால், இரண்டு பஸ் மாறித் தேடிப் போகிற பெண்களை எல்லாருக்கும் தெரியும். ரெடிமேட் ப்ளவுஸ் வாங்கியவரும் கை பிடிக்க, இடுப்பு தளர்த்தக் கடைசியில் இதே மெஷினைத் தேடித்தான் வருகிறார். தையல்காரர் விற்பது துணியில் போட்ட கோட்டை மட்டும் இல்லை. அந்த உடம்புக்குச் சரியாக உட்காரும் அளவை. அதை மெஷின் குவியலாகத் தயாரிக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் கட்டுபடியாகாத ரேட்டுக்குத் தைத்தால், அடி விழுவது அவருக்கு மட்டும் இல்லை. புருஷன் சம்பளம் வருவதால் 150-க்குத் தைத்துக் கொடுப்பவர், தையலை மட்டுமே நம்பிப் பிள்ளை வளர்க்கும் அடுத்த தெருப் பெண்ணின் கூலியையும் சேர்த்துத்தான் இறக்குகிறார்.

எங்கிருந்து தொடங்கலாம்?

பெரிய முதலீடு எதுவும் வேண்டாம். 20 ரூபாய் நோட்டு ஒன்று போதும். ஒரு மாதத்துக்கு, ஒவ்வொரு துணியையும் எடுத்த நேரம், முடித்த நேரம், வாங்கிய காசு, ஆன செலவு என்று நாலு கட்டம் போட்டு எழுதிவந்தால் எது லாபம், எது நஷ்டம் என்று தானாகத் தெரிந்துவிடும். பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கும். ஆல்டரேஷன்தான் அதிக நேரத்தைத் தின்கிறது. ‘சும்மா ஒரு தையல்தானே’ என்று அதற்குத்தான் காசே வாங்குவதில்லை.

அடுத்தது ரேட் அட்டை. சாதா ப்ளவுஸ், லைனிங், பிரின்சஸ் கட், பட்டு, ஃபால்ஸ் அடிப்பது, சேலைக் குஞ்சம், ஆல்டரேஷன், அவசரத்துக்குத் தைப்பது என்று தனித்தனியாக எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டிவிட வேண்டும். வாயால் சொல்லக் கூச்சப்படும் விலையைச் சுவர் கூச்சப்படாமல் சொல்லும். “எவ்வளவுக்கா?” என்ற கேள்வி, துணி கொடுக்கும்போதே வந்துவிடும். தைத்து முடித்த பிறகு தயங்கி நிற்க வேண்டியதில்லை. பட்டுக்கும் ஆரி வேலைக்கும் பாதி முன்பணம் வாங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

பழைய வாடிக்கையாளருக்கு ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். புதிதாக வருபவருக்குப் புது ரேட். பழையவர்களுக்கு, “தை பிறந்தா 50 ரூபா ஏத்தறேன்க்கா” என்று இரண்டு மாதம் முன்பே சொல்லிவைக்கலாம். தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாத நெரிசலில் மறுநாளே வேண்டும் என்பவரிடம் அவசரக் கட்டணம் கேட்பதில் தப்பே இல்லை. பஸ் கம்பெனிகூட அதைத்தானே செய்கிறது?

கஷ்டப்படுகிறவருக்குக் குறைத்துத் தர மனசு சொன்னால் தாராளமாகத் தரலாம். அப்போதும் நோட்டில் முழு ரேட்டையும் எழுதி, அதற்குக் கீழே தள்ளுபடி என்று குறிக்க வேண்டும். அப்போதுதான் அது அவர் விரும்பிச் செய்த உதவியாக இருக்கும். எழுதாமல் விட்டால் அந்தக் குறைந்த தொகையே அவருடைய ரேட்டாக ஊருக்குள் பரவிவிடும்.

தன் திறனை மதிப்பதில் ஒரு நேர்மையும் வேண்டும். காலர் வைக்கக் கை வரவில்லை, லெஹங்கா இதுவரை வெட்டியதில்லை என்றால் அதை ஒப்புக்கொண்டு, பழைய துணியில் நாலு தடவை வெட்டிப் பழகிய பிறகு ஆர்டர் எடுப்பதுதான் முறை. சொன்ன தேதியில் கொடுக்காமல் மூன்று நாள் அலையவிட்டுவிட்டு முழு ரேட் கேட்டால் எந்த அட்டையும் காப்பாற்றாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தைரியம் உள்ளவர், தெரிந்ததற்கு விலை சொல்லவும் தயங்க மாட்டார்.

தனி ஆளின் தைரியம் மட்டும் போதுமா?

போதாது. பாதிப் பாரத்தை வெளியில் இருப்பவர்களும் சுமக்க வேண்டும். பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்தாலும், அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச நேரக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது 1948-ம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே இருந்த கொள்கை. 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் கம்பெனியிலிருந்து ஏஜென்ட் மூலம் கட்டுக்கட்டாக வெட்டிய துணியை வீட்டுக்கு வாங்கிவந்து தைக்கும் பெண்ணுக்கு முதலாளி யார் என்பதே பல நேரம் தெரியாது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து ஆகியவற்றுக்கு உதவித்தொகையும், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியமும் உண்டு. பணத்தைவிடப் பெரிய பலன் ஒன்றும் இதில் இருக்கிறது. ‘சும்மா வீட்ல இருக்கேன்’ என்று சொன்னவரின் பெயர் ஓர் அரசு அட்டையில் ‘தொழிலாளி’ என்று பதிவாகிறது. தொழிலை விரிவாக்க நினைக்கும் 35 வயது நிறைந்தவர்களுக்கு, கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் கிடைக்கிறது. அதில் சேர்க்கப்பட்ட 25 தொழில்களில் தையலும் ஒன்று.

அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மெஷின் தருகிறது. ஐ.டி.ஐ.யில் ஓர் ஆண்டுத் தையல் தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது. தெருவுக்குத் தெரு தனியார் பயிற்சி மையங்களும் இருக்கின்றன. குறுக்கு கட்டிங் முதல் ஆரி வரை கற்றுத்தரும் இந்த இடங்களில், ஒரு துணிக்கு எப்படி விலை போடுவது என்பதற்கும் ஒரு நாள் ஒதுக்கினால் என்ன? மெஷினைக் கொடுத்துவிட்டு விலை சொல்லக் கற்றுத்தராமல் விடுவது, கடையைத் திறந்து கொடுத்துவிட்டுத் தராசைத் தராமல் விடுவது போலத்தான்.

ஒரே தெருவில், ஒரே குழுவில் இருக்கும் நாலு தையல்காரர்கள் ஒரு மாலை உட்கார்ந்து, “இதுக்குக் கீழ யாரும் வாங்க வேண்டாம்டி” என்று பேசிக்கொள்வதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. தைக்கக் கொடுப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 8,000 ரூபாய்ப் புடவைக்குக் கடையில் பேரம் பேசாமல் பில் கட்டிவிட்டு வந்து, அதன் ப்ளவுஸுக்கு வீட்டுத் தையல்காரரிடம் 30 ரூபாய் குறைக்கச் சொல்லும்போது ஒரு நிமிடம் யோசிக்கலாம். அந்த 30 ரூபாய் அவருடைய ஏறத்தாழ அரை மணி நேரம்.

அடுத்த முறை, “எவ்வளவுக்கா ஆச்சு?” என்ற கேள்வி வரும்போது, “பார்த்துக் குடுங்க” என்பதற்குப் பதிலாக ஓர் எண்ணைச் சொல்லிப் பார்க்கலாம். முதல் தடவை குரல் நடுங்கும். பரவாயில்லை. முதல் ப்ளவுஸ் வெட்டும்போதும் கை நடுங்கத்தானே செய்தது?